வெந்நீர்க் கயிறு

அலமாரிக்கு மேலேயிருந்து இறக்கிய பெட்டி, கட்டிலோரம் அப்படியே நின்றது. அதன் தூசியைக்கூடத் துடைத்தாகிவிட்டது.

அண்ணி காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதைத்தான் எட்டிப் பார்த்தாள். பெட்டி நிற்கிறது என்றால் ஆளும் இன்னும் போகவில்லை. அந்த மட்டுக்கும் நிம்மதி.

வீட்டுக்குள்தான் அவள் அண்ணி. வெளியே, கிளை நூலகத்தில் திரும்பி வரும் புத்தகங்களை வாங்கி அடுக்கி வைப்பதால், நூலகத்தம்மா. இரண்டில் அவளுக்குப் பிடித்தது முதல் பெயர். அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் உண்டு. அந்த ஆள்தான் இப்போது பெட்டி கட்டுகிறான்.

அவளுடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள பாதிக் கட்டடங்கள் அவர் கைபட்டுத்தான் ஏறி இறங்கின. போன குளிர்காலத்தில் ஒரு நாள், லிஃப்டே இல்லாத இந்த வீட்டின் படியில் ஏறும்போது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை.

அண்ணனை வழியனுப்ப வந்த தம்பி, "வாடகைல என் பங்கு இருக்கும், நீங்க இந்த வீட்ட விடாதீங்க அண்ணி" என்று சொல்லி, தன் ஒற்றை அறையைக் காலி செய்துவிட்டு இங்கே வந்துவிட்டான். பஸ் டிரைவர். கல்யாணம் காட்சி என்று எதுவும் வைத்துக்கொள்ளாதவன். கேட்டால், "என் பின்னால எப்பவும் அம்பது பேர் உக்காந்திருக்காங்க, இதுக்கு மேல குடும்பம் எதுக்கு?" என்பான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கரண்ட் பில்லும் தண்ணீர் பில்லும் ஒரே தபாலில் வந்து இறங்கும் வரை. தண்ணீர் குறைந்திருந்தது. கரண்ட் ஏறியிருந்தது. அதுவும் கொஞ்சநஞ்சமில்லை.

அதைப் பார்த்துவிட்டுத்தான் மகள் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"அப்பா இருந்தப்பவும் மூணு பேர். இப்பவும் மூணு பேர். அப்ப மாறினது யாரு?"

சித்தப்பா தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் பெட்டியை இறக்கினான்.

*

"மீட்டரம்மா, இன்னிக்குப் புதுச் சட்டம் ஏதும் உண்டா?"

சீருடையோடு நின்றபடியே தேநீர் குடித்துக்கொண்டிருந்த கொழுந்தன் கேட்டான். குரல் வழக்கம்போலத்தான் இருந்தது. ஆனால் மகளின் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை, ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்துக் கேட்டான்.

மகளின் சட்டங்கள் அங்கேதான் ஒட்டியிருந்தன. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். மயிரிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவாள். சோப்புப் போடும் நேரத்தில் குழாய் மூடியிருக்க வேண்டும். துணி அலசின தண்ணீரில்தான் தரை துடைக்க வேண்டும். தண்ணீர் மிச்சமாக, கழிவறை ஃப்ளஷ் தொட்டிக்குள் மணல் நிரப்பிய பாட்டில் ஒன்று மூழ்கிக் கிடக்க வேண்டும். ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்கக்கூடாது, யோசித்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். காலையைத் தவிர வேறு எப்போதும் வெந்நீர் கிடையாது.

சொந்த வீடென்றால் ஜன்னலை மாற்றலாம், கூரையில் சோலார் தகடு பதிக்கலாம். வாடகை வீட்டில் ஓர் ஆணி அடிப்பதற்கே வீட்டுச் சொந்தக்காரியான கீழ்வீட்டுக்காரம்மாவிடம் கேட்க வேண்டும். அதனால் குடியிருப்பவர்கள் சிக்கனத்தைச் சுவரில் செய்ய முடிவதில்லை. உடம்பில்தான் செய்தாக வேண்டியிருக்கிறது.

"புதுசா ஒண்ணுமில்ல" என்றாள் மகள், தலைமுடியை முடிந்துகொண்டே. அவளும் முகத்தைப் பார்க்கவில்லை.

"உக்காந்து குடிக்கலாமே தம்பி" என்றாள் அண்ணி.

"டிரைவர் உக்காந்தா வண்டி கிளம்பணும் அண்ணி. அதான் நிக்கறேன்."

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவன் நின்றுகொண்டே குடிப்பதையும், நின்றுகொண்டே தின்பதையும், மிஞ்சிப்போனால் ஜன்னல் கட்டையில் சாய்வதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். தொழில் பழக்கம் என்று நினைத்திருந்தாள். நாளெல்லாம் உட்கார்ந்தே ஓட்டுகிறவனுக்கு நிற்பதே ஒரு சுகமாக இருக்கலாம்.

தேநீர்க் கோப்பையை அலசினான். குழாயை மூடிவிட்டுச் சோப்புப் போட்டான். சட்டம் சட்டம்தான்.

"சாயங்காலம் கொஞ்சம் பேசணும் அண்ணி."

அவன் எது சொன்னாலும் கடைசியில் ஒரு சிரிப்பு வால் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். இன்றைக்கு வாலைக் காணோம்.

"பேசறதுக்கு என்ன இருக்கு?"

"இருக்கு."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவன் செருப்புச் சத்தம் படியில் இறங்கித் தேய்ந்தது.

மகள் குளித்துவிட்டு வந்தாள். ரொட்டியைக் கையில் எடுத்தவள் அதைத் தின்னாமல் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னது தப்பாம்மா?"

"கணக்கு தப்பில்ல."

"அப்போ?"

"கணக்க ஒரு மனுஷன் மூஞ்சில விட்டெறிஞ்ச பாரு, அதான் தப்பு."

"நீ எப்பவும் அவர் பக்கம்தான்."

"ஆமா. உன் பக்கம்தான் நீயே இருக்கியே."

மகள் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

எல்லாரும் போன பிறகு அண்ணிக்கு மட்டும் என்று ஒரு வேலை இருந்தது. செருப்பை மாட்டிய பிறகு, மறுபடி கழற்றிவிட்டு உள்ளே போவாள். குளியலறைக் கூரையிலிருந்து தொங்கும் கயிற்றின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் குமிழ் இருக்கும். அதைப் பிடித்து ஒரு முறை இழுப்பாள். ஒரு தரம் இழுத்தால் வெந்நீர் ஹீட்டர் வேலை செய்யும், மறு தரம் இழுத்தால் நின்றுவிடும். காலையில் எழுந்ததும் இழுத்துப் போடுகிறவள் அவளே. போகும்போது இழுத்து நிறுத்துவது கணவரின் வேலையாக இருந்தது. உயிரோடிருந்தவரை வேறு யாரையும் தொட விட்டதில்லை.

ஹீட்டர் எரிகிறதா என்று காட்ட ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு உண்டு. அது செத்துப் பல காலம் ஆகிறது. "சின்ன ரிப்பேரெல்லாம் குடியிருக்கறவங்க பாத்துக்கணும்" என்று கீழ்வீட்டுக்காரம்மா சொன்னார். "உங்க பொருள நான் எப்படித் தொடறது?" என்று இவர் சொன்னார். இருவருமே நியாயஸ்தர்கள். அதனால் விளக்கு செத்தது செத்ததுதான். "எனக்கு எதுக்கு விளக்கு? தண்ணி பேசறது எனக்குக் கேக்கும்" என்று அவர் கயிற்றைப் பிடித்தபடி காதைச் சாய்த்து நிற்பார்.

அண்ணிக்கு அந்தக் காது இல்லை. ஆனால் கை இருக்கிறது. இழுத்தாள். டக். அன்றைய கடமை முடிந்தது.

*

நூலகத்தில், திரும்பி வந்த புத்தகங்களுக்குள் ஜனங்கள் எதையெல்லாமோ விட்டுவிட்டுப் போவார்கள். கோழி இறகு, கல்யாண போட்டோ, ஒரு தடவை ஒரு பல் துலக்கும் பிரஷ். இன்றைக்கு ஒரு சமையல் புத்தகத்தின் நடுவிலிருந்து பஸ் டிக்கெட் விழுந்தது.

அதை எடுத்துக் குப்பைக் கூடையில் போடப் போனவள் அப்படியே நின்றாள்.

இந்த வாரம் கொழுந்தனுக்கு விடிகாலை வண்டி. மத்தியானத்துக்கெல்லாம் வேலை முடிந்துவிடும். மத்தியானம் வீட்டில் யாரும் இருப்பதில்லை.

'சாயங்காலம் பேசலாம்' என்று சொல்லும் மனிதர்களை அவளுக்குத் தெரியும். சாயங்காலம் நாம் வீட்டுக்குப் போனால், மேசை மேல் சாவி இருக்கும். அதன் கீழே ஒரு துண்டுச் சீட்டு. 'உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.' அழுகை, சண்டை, கெஞ்சல் எதுவும் கிடையாது. எல்லாரும் இறங்கியாச்சா என்று கண்ணாடியில் ஒரு பார்வை, அடுத்த நிமிஷம் வண்டி நகர்ந்துவிடும்.

தலைமை நூலகரின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"பாதி நாள் லீவு வேணும்."

"என்னம்மா, உடம்பு முடியலையா?"

"உடம்பு கல்லு மாதிரி இருக்கு. வீட்டுக்குத்தான் முடியல."

அவர் மேலே கேட்கவில்லை. பத்து வருஷத்தில் அவள் கேட்ட லீவுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். "போய்ட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

பாதித் தூரம் நடந்தாள், மீதித் தூரம் ஓடினாள். இந்த வயதில் ஓடுகிறோமே என்று வெட்கம் வந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே ஓடினாள்.

படியடியில் மீட்டர் பெட்டி. எத்தனையோ வருஷமாக அதைக் கடந்து போயிருக்கிறாள், நின்று பார்த்ததில்லை. மகள்தான் ஒரு நாள் இழுத்து வந்து காட்டினாள். "இந்தப் பொட்டு விளக்கு எவ்வளவு வேகமா கண்ணடிக்குதோ அவ்வளவு கரண்ட் ஓடுதுன்னு அர்த்தம்மா. நாம ஒண்ணும் போடலைன்னா தூங்கி வழியும்."

விளக்கு தூங்கி வழியவில்லை. படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, காய்ச்சல் கண்டவன் நாடி மாதிரி.

வந்துவிட்டானா? படியேறிக் கதவைத் திறந்தாள். பெட்டி கட்டிலோரமே நின்றது. அப்பாடா. வீட்டில் ஈ காக்கை இல்லை. விளக்குகள் எரியவில்லை. ஃபிரிட்ஜ்கூட மூச்சுவிடாமல் கிடந்தது.

பிறகு யாருக்காக அப்படி ஓடுகிறது அந்த மீட்டர்?

அறை அறையாகப் போனாள். கடைசியில் குளியலறை. உள்ளே நுழைந்ததுமே கன்னத்தில் ஒரு வெம்மை பட்டது. சுவரில் உட்கார்ந்திருந்த கிழட்டு ஹீட்டரின் வயிற்றைத் தொட்டாள். சுட்டது. குழாயைத் திறந்ததும் ஆவி பறந்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு, அந்தப் பதற்றத்திலும் குழாயை இறுக்கி மூடினாள்.

காலையில் நான்தானே நிறுத்தினேன்?

கயிற்றை இழுத்தாள். டக். கீழே ஓடிப்போய் மீட்டரைப் பார்த்தாள். பொட்டு விளக்கு ஒரு தரம் கண்ணடித்தது. அடுத்ததற்கு அவள் காத்திருக்க வேண்டியிருந்தது.

மறுபடி மேலே வந்து குளியலறை முக்காலியில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. எதிரே சோப்புப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. அவளுடையது தேய்ந்து சீவலாகியிருந்தது. மகளுடையது பாதி. மூன்றாவது கொழுந்தனுடையது. வந்த புதிதில் அவளே வாங்கி வைத்த பச்சைச் சோப்பு. அதன் மேல் பொறித்திருந்த பெயர், ஓர் எழுத்துக்கூட மழுங்காமல், கடையில் பார்த்த மாதிரியே இருந்தது.

அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். ஓரத்தில் மெல்லிய வெடிப்பு. தண்ணீரே படாமல் காய்ந்த வெடிப்பு.

*

"என்னம்மா, கடைல கூட்டமா இருக்கு" என்றாள் மகள் போனில்.

"ஒரே ஒரு கேள்வி. காலைல குளிச்சிட்டு வெந்நீர்க் கயித்த இழுத்தியா?"

"இழுக்காம வருவேனா? தினமும்தான் இழுக்கறேன்."

"எப்பலேருந்து?"

மறுமுனையில் யாரோ கண்ணாடி விலை கேட்டது காதில் விழுந்தது. பிறகு ஒரு கதவு சாத்தும் சத்தம். மகள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்பா போனதுலேருந்து. அது அப்பா வேலைதானேம்மா. இனிமே யாரு செய்வாங்கன்னு உங்கிட்ட கேட்டா, நீ உடைஞ்சு போயிடுவியோன்னு நானே எடுத்துக்கிட்டேன். ஏன், எரிஞ்சுக்கிட்டா இருக்கு? நான் சத்தியமா இழுத்தேன்மா."

அண்ணி தொங்கும் கயிற்றைப் பார்த்தாள்.

"அம்மா? இருக்கியா?"

"நானும் இழுக்கறேன்டி. கிளம்பறப்ப. அவர் போன மறுவாரத்துலேருந்து."



"ஏன்மா எங்கிட்ட சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

இருவரிடமும் ஒரே பதில்தான் இருந்தது. அதனால் இருவரும் அதைச் சொல்லவில்லை. மகள் குளித்துவிட்டு நிறுத்திப் போவாள். தாய் அதைத் தெரியாமல், நிறுத்துவதாக நினைத்துப் போட்டுவிட்டுப் போவாள். இறந்தவரின் ஒரு வேலையை இரண்டு பேர் ஆளுக்கொரு தரம் செய்து, அதைச் செய்யாமலே வைத்திருந்தார்கள்.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. சிரிப்பு நடுவில் எங்கோ வழி மாறியது. மகள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அம்மா... அப்போ சித்தப்பா?"

"உங்க சித்தப்பா இந்த வீட்டு வெந்நீர ஒரு சொம்பு எடுத்து ஊத்திக்கிட்டதில்லடி. அவர் சோப்புல எழுத்துகூட அழியல."

"ஐயோ."

"அந்த ஐயோவ அங்க சொல்லாத. வீட்டுக்கு வந்து, சொல்ல வேண்டிய ஆள்கிட்ட சொல்லு."

*

சாவி திரும்பும் சத்தம் கேட்டபோது அண்ணி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் பச்சைச் சோப்பு.

கதவைத் திறந்த கொழுந்தன் திடுக்கிட்டான். திருட வந்த இடத்தில் வீட்டுக்காரரைக் கண்டவன் முகம்.

"அண்ணி! நீங்க என்ன இந்த நேரத்துல?"

"அதையேதான் நானும் கேக்கப்போறேன்."

அவன் பார்வை பெட்டிப் பக்கம் போய் வந்தது. மாட்டிக்கொண்டான். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"டிப்போ பக்கத்துல ஒரு ரூம் சொல்லியிருக்காங்க. சாவி சாயங்காலம் வாங்கிக்கலாம்னு... உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போகணும்னு..."

"பெட்டிய முதல்ல அனுப்பிட்டு, நீங்க அப்புறமா வந்து சொல்லலாம்னு."

"விடுங்க அண்ணி. விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான்."

"நீங்க விருந்துன்னா மூணாம் நாளே கிளம்பியிருக்கணும். இப்ப நேரம் தாண்டிப் போச்சு." சோப்பை அவன் பக்கம் நகர்த்தினாள். "இது என்ன?"

"சோப்பு."

"அது எனக்கும் தெரியுது. எங்க குளிக்கறீங்க?"

"டிப்போல."

"வெந்நீரா?"

"பஸ் கழுவற தண்ணிதான். பஸ்ஸுக்கு ஒண்ணும் சளி பிடிக்கலையே அண்ணி."

அவள் சிரிக்கக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். உதடு கேட்கவில்லை. பிறகு கயிற்றுக் கதையைச் சொன்னாள். மீட்டரிலிருந்து தொடங்கி மகளின் 'ஐயோ' வரைக்கும். அவன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான்.

"அப்போ... தினம் மூணு இழுப்பு. விடிகாலைல நீங்க, அப்புறம் அவ, கிளம்பறப்ப மறுபடி நீங்க." விரலை மடக்கிப் பார்த்தான். "ஒத்தப்படை. அப்படின்னா இன்னிக்கு முழுக்க எரியும், நாளைக்கு அணைஞ்சிருக்கும், மறுநாள் மறுபடி எரியும். ஜனங்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் பட்டினி கிடப்பாங்க. இது ஒரு நாள் விட்டு ஒரு நாள் விருந்து சாப்பிட்டிருக்கு!"

வால் திரும்பி வந்துவிட்டது. அண்ணிக்கு அதைக் கேட்டதும் உடம்பு லேசானது.

"அதனால பில்லுக்கு நீங்க காரணமில்ல. பெட்டிய ஏத்தி வைங்க."

அவன் நகரவில்லை. தொப்பியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"பில்லு ஒரு சாக்கு அண்ணி."

"தெரியும்."

"எங்க பாத்தாலும் அண்ணன்தான் இருக்காரு. அவர் கோப்பை, அவர் கொக்கி, அவர் வாசல் விரிப்பு. அந்த நாற்காலில ஒரு நாள் உக்காரப் போனேன். சாயறதுக்குள்ள எழுந்து நிக்கச் சொன்ன மாதிரி இருந்துச்சு. அவர் இடத்த நான் தின்னுக்கிட்டிருக்கேனோன்னு..." நிறுத்திக்கொண்டான். "அந்தப் பொண்ணு கேட்டாளே, மாறினது யாருன்னு. அவ கரண்ட்டத்தான் கேட்டா. எனக்கு வேற மாதிரி கேட்டுச்சு."

அண்ணி அவன் காட்டிய நாற்காலியைப் பார்த்தாள். மேசையின் தலைப்பக்கம், கைப்பிடி வைத்த மர நாற்காலி. அவர் சாய்ந்து சாய்ந்து முதுகுப் பலகை பளபளத்திருந்தது. அவர் போன பிறகு அவளும் மகளும்கூட அதைத் துடைத்து வைப்பார்களே தவிர உட்கார்வதில்லை.

ஏதேதோ சொல்லலாம் என்று நினைத்தாள். உங்க அண்ணனே சந்தோஷப்படுவார் என்று சொல்லலாம். இறந்தவர்களின் சந்தோஷத்தை இருப்பவர்கள் இஷ்டத்துக்கு எடுத்துச் செலவழிப்பது அவளுக்குப் பிடிக்காது. அதனால் உண்மையைச் சொன்னாள்.

"அது உங்க அண்ணன் நாற்காலியே இல்ல தம்பி. கீழ்வீட்டுக்காரம்மாவோடது."

"என்ன?"

"மேசை, நாலு நாற்காலி, அலமாரி, எல்லாம் வாடகையோட சேர்ந்து வந்தது. இதுல ஆடாம நிக்கறது அது ஒண்ணுதான். அதான் அவர் பிடிச்சுக்கிட்டாரு. எங்களுக்கு மூணு ஆடற நாற்காலியத் தள்ளிவிட்டாரு, பெரிய தியாகி."

கொழுந்தன் நாற்காலியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"அவரும் இங்க குடியிருந்தவர்தான். நானும் அப்படித்தான். நீங்களும் அப்படித்தான். உங்க பங்கு வாடகைய எண்ணிக் குடுத்துட்டு, ஆறு மாசமா நிக்கறீங்களே, உங்களுக்குக் கால் வலிக்கல?"

அவன் மெதுவாகப் போய், பஸ்ஸில் ஏறி உட்காரும் பழக்கத்தில் கைப்பிடியை ஒரு தரம் தட்டிவிட்டு, உட்கார்ந்தான். எதுவும் நடக்கவில்லை. நாற்காலி ஆடவில்லை. யாரும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றான்.

அண்ணி எழுந்துபோய் இரண்டு கோப்பைக்குத் தண்ணீர் வைத்தாள். இரண்டு கோப்பைக்கு மேல் ஒரு சொட்டு வைக்கவில்லை. மனம் நிறைந்திருந்தாலும் கெட்டிலை நிறைப்பது சட்டப்படி குற்றம்.

*

சாயங்காலம் மகள் வந்தபோது பெட்டி அலமாரிக்கு மேலே ஏறியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அந்தக் கைப்பிடி நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த சித்தப்பாவைப் பார்த்தாள். ஒரு கணம் அவள் முகம் என்னவோ ஆயிற்று. பிறகு கைப்பையைத் திறந்து, கடைக்குப் பக்கத்தில் வாங்கிய குட்டிச் சிவப்பு விளக்கை மேசை மேல் வைத்தாள்.

"கீழ்வீட்டுக்காரம்மாகிட்ட கேட்டுட்டேன். மாட்டிக்கலாமாம். காலி பண்றப்ப கழட்டிட்டுப் போகக் கூடாதாம்."

"வர்ற விடுமுறைக்கு மெயின நிறுத்திட்டு மாட்டிடறேன்" என்றான் சித்தப்பா.

"அதுவரைக்கும் யாராவது ஒருத்தர்தான் நிறுத்தணும்மா. அத நான் செய்யறேன்."

"நான் செய்யறேன்டி."

"நீ போடு. நான் நிறுத்தறேன். நீ போட்டாத்தானே நான் நிறுத்த முடியும்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும் அந்தக் காலை நொடி, நாளைக்கு அண்ணிக்குக் கிடையாது. கையிலிருந்து ஏதோ ஒன்றை யாரோ மெல்ல விரல் விரித்து எடுத்துக்கொள்வதுபோல் இருந்தது. ஆனால் எடுத்துக்கொண்டது அவருடைய மகள். அதே நீண்ட விரல்கள்.

"சரி. நீயே வச்சுக்க" என்றாள்.

மகள் அலமாரியைத் திறந்து ஒரு துவாலையை எடுத்து வந்து சித்தப்பாவின் மடியில் போட்டாள்.

"போங்க. குளிங்க. வெந்நீர்ல."

"காலைய விட்டா வெந்நீர் கிடையாதே மீட்டரம்மா? சட்டம்?"

"திருத்தியாச்சு."

"எவ்வளவு நேரம்?"

"தண்ணி ஆறிப்போற வரைக்கும்." பிறகு, செய்தித்தாளை மடிப்பதுபோல் குனிந்துகொண்டு, "சாரி சித்தப்பா" என்றாள்.

"என்ன? இஞ்சின் சத்தத்துல காது கொஞ்சம் மந்தம். இன்னொரு தடவை சொல்லு."

"போங்கன்னா!"

குளியலறைக்குள்ளிருந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அதற்கு மேலே அவன் பாட்டு கேட்டது. ஒரு வரிகூடச் சுருதியில் இல்லை. அண்ணியும் மகளும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து அந்தக் கொடுமையை ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த வீட்டில் இவ்வளவு சத்தம் எழுந்து எத்தனை காலம்!

அப்போது அழைப்பு மணி அடித்தது.

அண்ணி கதவைத் திறந்தாள். வாசலில் நாற்பதை ஒட்டிய ஒரு பெண். டிக்கெட் பரிசோதகர்களின் சாம்பல் நிறக் கோட்டு. ஒரு கையில் பெட்டி. மறு கையில் ஒரு பூந்தொட்டி. படியேறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"மன்னிச்சுக்கோங்க. இங்க ஒரு ரூம் காலியாகுதுன்னு சொன்னாங்க. இன்னிக்கே வரச் சொன்னாரு."

"யாரு சொன்னது?"

"உங்க வீட்டு டிரைவர்தான். தான் போயிட்டா நீங்க ரெண்டு பேரும் வாடகைக்குச் சிரமப்படுவீங்கன்னு, ஒரு நல்ல ஆளா பாத்து விட்டுட்டுப் போறதா சொன்னாரு." அவள் கொஞ்சம் தயங்கினாள். "நான் இருந்த இடத்துல காலைலதான் சாவியத் திருப்பிக் குடுத்துட்டு வந்தேன்."

மகள் எழுந்து வந்து அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

குளியலறைப் பாட்டு பாதி வரியில் அறுந்தது. தண்ணீர் நின்றது. பிறகு, தலை நிறையச் சோப்போடு இருக்கும் ஒரு மனிதனின் குரல்.

"அண்ணி! யாரு?"

"டிக்கெட் பரிசோதகராம். பெட்டியோட வந்திருக்காங்க" என்றாள் அண்ணி.

உள்ளே ஏதோ வாளி உருண்டது.

"ஐயையோ! மறந்தே போச்சு! அண்ணி, நான் வீட்டுல இல்லைன்னு சொல்லிடுங்க!"

வாசலில் நின்ற பெண் பூந்தொட்டியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அவள் கன்னத்தில் லேசாக ஒரு சிவப்பு ஏறியது.

"பாட்டு கீழ வரைக்கும் கேட்டுச்சுங்க" என்றாள். "டிப்போல எல்லாருக்கும் இந்தக் குரல் பழக்கம்தான்."

அவள் 'எல்லாருக்கும்' என்று சொன்ன விதத்தை அண்ணி கவனித்தாள். மகளும் கவனித்திருக்க வேண்டும். முழங்கையால் அம்மாவின் விலாவில் ஓர் இடி இடித்தாள். கல்யாணம் காட்சி வேண்டாம் என்றவன், தன் குடும்பத்துக்கு ஒரு நல்ல ஆளைத் தேடியபோது, எத்தனையோ பேர் வேலை பார்க்கும் டிப்போவில் அவன் கண்ணில் பட்டது இந்த ஓர் ஆள்தானா?

வீட்டில் காலியாக ஒரு ரூமும் இல்லை. அண்ணி கதவை அகலமாகத் திறந்தாள்.